கைப்பேசி வழி இந்தி: வாயில் எது? சேருமிடம் எது?

மொழி கற்க விரும்புவோன் ஆசிரியரைத் தேடி நடந்த காலம் ஒன்று இருந்தது. இக்காலத்திலோ ஆசிரியர் கைப்பேசி வடிவில் மாணவனது சட்டைப்பையிலேயே வந்து குடிபுகுந்துவிட்டார். மெர்போக் ஆறு கடலிற் கலக்குமிடத்திலுள்ள தஞ்சோங் டாவாயில், கருவாடு காயும் களத்தருகே நின்றுகொண்டே ஓர் இளைஞன் இந்தி கற்கலாம். பீடோங்கிலோ சுங்கை பட்டாணியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் பெண், பேருந்தில் அமர்ந்தவாறே பத்துச் சொற்களை மனனம் செய்யலாம். கட்டணம் கட்டவேண்டுவதில்லை, பிரம்புக்கு அஞ்சவேண்டுவதில்லை, ‘உனக்கு எதற்கு இந்தப் படிப்பு?’ என்று குறுக்கே நின்று கேட்கும் கங்காணியும் இல்லை. இஃது ஒரு நல்ல மாறுதல் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நூல் ஒன்று வெளிவந்தால் அதைப் புரட்டிப் பார்த்துக் குணங் குற்றங்களை எடுத்துரைப்பது போலவே, பாடம் ஒன்று வெளிவந்தாலும் அதனை ஆராய்ந்து கூறவேண்டுவது இலக்கிய விமரிசகன் கடமையாகும். பாடமும் ஒருவகை நூலே. அதற்கும் ஆசிரியர் உண்டு. அவ்வாசிரியர் மனத்திற் கொண்ட வாசகர் உண்டு. அவ்வாசகர் யார் என்பதைக் கண்டுகொண்டால், அந்நூல் நமக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதும் விளங்கிவிடும். ஆகவே, இணையவழி இந்திப் பாடங்களில் பலரறிந்த இரண்டை எடுத்துக்கொண்டு, இரண்டே கேள்விகளை நாம் கேட்கப்போகிறோம். இப்பாடம் எந்த வாயில் வழியாக நம்மை உள்ளே அழைக்கிறது? எவ்விடத்திற் கொண்டுபோய் நம்மை விடுகிறது?

இக்கேள்விகளுக்குள் நுழையுமுன் ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறவேண்டும். ‘தமிழன் இந்தி கற்பதா?’ என்று சிலர் சினத்துடன் கேட்பர். அச்சினத்துக்குக் காரணம் உண்டு. 1938-இல் சென்னை மாகாணத்தில் இராஜகோபாலாச்சாரியார் ஆட்சி உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இந்துஸ்தானியைக் கட்டாய பாடமாக்கிற்று. அதனை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்னும் இரு இளைஞர்கள் 1939-இல், சிறைப்பட்ட நிலையிலேயே உயிர் நீத்தனர். 1940-இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. 1965-இல் மீண்டும் தமிழகம் கொதித்தெழுந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அவ்வீரர்கள் எதிர்த்தது நிர்ப்பந்தத்தை. தெற்கே இந்தியைப் பரப்புவதற்கெனச் சென்னையில் 1918-இல் தோன்றிய இந்திப் பிரசார சபையின் தேர்வுகளுக்கு விரும்பி அமர்வோர் தமிழ்நாட்டில் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களை எவரும் வழிமறிக்கவில்லை. ஒருவன் தானே விரும்பி ஒரு மொழியைக் கற்பது அவனது உரிமை. பிறன் ஆணையால் கற்பது அடிமைத்தனம். இவ்வேறுபாட்டை உணராதவர் அப்போராட்டத்தின் பொருளையும் உணராதவரே ஆவர்.

கெடாவில் நம்மை இந்தி கற்குமாறு எவரும் நிர்ப்பந்திக்கவில்லை. அப்படியிருக்க, அதனைக் கற்பவர் எதற்காகக் கற்கின்றனர்? சிலர் திரைப்படத்துக்காகக் கற்கின்றனர். மலாய் எழுத்துரையுடன் தொலைக்காட்சியில் ஓடும் இந்திப் படத்தை மலாய்க் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஒருங்கே இரசிப்பது இந்நாட்டில் பழகிப்போன காட்சி. சிலர் பிழைப்புக்காகக் கற்கின்றனர். தொழிற்சாலை வாயிலிற் காவல் நிற்கும் நேப்பாளியும், தோட்டத்திலும் கட்டட வேலையிலும் உழைக்கும் வங்கதேசத்தவரும், உணவுக்கடையிற் பணிபுரியும் வடஇந்தியரும் இன்று நமக்கு அண்டை வீட்டார் ஆகிவிட்டனர். அவர்களுட் பலருக்கு இந்தி ஓரளவேனும் விளங்கும். நம் பாட்டனார் பால்மரக் காட்டில் அடைந்த துன்பத்தை வேறு உருவில் இன்று அடைந்துகொண்டிருப்பவர் அவர்கள். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசுவதற்காக ஒருவன் இந்தி கற்பானாயின், அதனைவிட மேலான காரணம் வேறு வேண்டுவதில்லை. இன்னும் சிலர் இலக்கியத்துக்காகக் கற்கலாம். அதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

முதலில் டுவோலிங்கோவை எடுத்துக்கொள்வோம். குவாத்தமாலா நாட்டிற் பிறந்த லூயிஸ் வான் ஆன் என்பவரும், செவெரின் ஹாக்கர் என்பவரும் அமெரிக்காவிலுள்ள பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கிய முயற்சி இது. 2012-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தம் நாட்டு ஏழைகள் ஆங்கிலம் கற்கப் பணமின்றித் தவித்ததைக் கண்டே, மொழிக்கல்வி இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்று எண்ணியதாக வான் ஆன் கூறியிருக்கிறார். அவ்வெண்ணம் போற்றத்தக்கது. ஆங்கிலம் அறிந்தோருக்கான இந்திப் பாடம் 2018-இல் அதில் இடம்பெற்றது.

இதன் குணங்களை மறைக்காமற் கூறுவோம். பாடங்கள் சிறியவை, ஐந்து நிமிடத்தில் முடிபவை. சொற்களின் ஒலியைக் காதாற் கேட்கலாம். நூறு முறை கேட்டாலும் எந்திரம் சலித்துக்கொள்வதில்லை. தவறிழைத்தால் வகுப்பறையில் நாற்பது பேர் சிரிப்பார்களே என்ற அச்சமும் இல்லை. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போன ஒருவனுக்கு, இக்கூச்சமின்மை ஒன்றே பெரிய வரப்பிரசாதம்.

குறைகளோ இரண்டு. முதலாவது, விளையாட்டு. நாள் தவறாமற் படித்தால் நாட்கணக்கு ஏறும். சரியாக விடை கூறினால் புள்ளிகள் சேரும். பிறரோடு போட்டியிட்டுப் பட்டியலில் முன்னேறலாம். மாணவனை ஈர்ப்பதற்கு இவை உதவும் என்பது மெய்யே. ஆயினும் நாளடைவில் மொழி பின்னே போய், எண்ணிக்கை முன்னே வந்துவிடுகிறது. முந்நூறு நாள் விடாது படித்தவன் என்று பெருமை பேசுபவனிடம், அண்டை அறையிலுள்ள நேப்பாளியின் உடல்நலத்தை இந்தியில் விசாரித்து வா என்று சொல்லிப் பாருங்கள். அங்கே புள்ளிகள் துணைக்கு வாரா. மணியை உருட்டி நாமத்தை எண்ணுவது பக்தியாகாது என்று சொல்லிவருகிற நாம், நாளை எண்ணுவது மட்டும் கல்வியாகும் என்று ஒப்புக்கொள்ளலாமா?

இரண்டாவது குறையே நம் ஆராய்ச்சிக்கு உயிரானது. இப்பாடத்தின் வாயில் ஆங்கிலம். ஆங்கிலம் வாயிற்படியாக இருப்பதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். ஒரு சிறு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘முஜே பானீ சாஹியே’ என்பது இந்தி. இதனைத் தமிழாக்கினால், ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’. முஜே என்பது எனக்கு. பானீ என்பது தண்ணீர். சாஹியே என்பது வேண்டும். மூன்று சொல்லுக்கு மூன்று சொல், வரிசையும் மாறவில்லை, வேற்றுமையும் மாறவில்லை. இதனையே ஆங்கிலத்தில் கூறினால், ‘நான் வேண்டுகிறேன் தண்ணீர்’ என்னும் போக்கில் வரும். அதாவது, தமிழன் தன் வீட்டு முற்றத்திலிருந்து நேரே அடுத்த வீட்டுக்குப் போகக்கூடிய வழியை விட்டு, ஏழு தெரு சுற்றிப் பின்வாயிலால் நுழையும்படி செய்யப்படுகிறான்.

இஃது ஒரு வாக்கியத்தோடு நிற்கவில்லை. ‘முஜே மாலூம் ஹை’ என்றால் ‘எனக்குத் தெரியும்’. ஆங்கிலேயன் ‘நான் அறிகிறேன்’ என்று தன்னை எழுவாயாக்கிப் பேசுவான். தமிழனும் இந்திக்காரனும் அறிவு தமக்கு வந்து சேர்வதாகப் பேசுவர். ‘வீட்டில்’ என்பதில் ‘இல்’ பின்னே வருவது போல, ‘கர் மே’ என்பதில் ‘மே’ பின்னே வருகிறது. ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னே நிற்கும். ‘செய்து பார்’ என்று நாம் சொல்வதை ‘கர்கே தேகோ’ என்று அவர்கள் சொல்வர். முன்னது வினையெச்சம், பின்னது ‘பார்’ என்னும் ஏவல். பேச்சு வழக்கில் நாம் ‘புலி கிலி’ என்று அடுக்குவது போல் அவர்கள் ‘சாய் வாய்’ என்று அடுக்குவர். வினை வாக்கியத்தின் இறுதியிலே நிற்பது இரு மொழிக்கும் பொது.

இவ்வொப்புமை தற்செயலானதன்று. தமிழ் திராவிடக் குடும்பத்தது; இந்தி ஆரியக் குடும்பத்தது. ஆனால் ஒரே நிலப்பரப்பில் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்த மக்களின் மொழிகள் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. கால்டுவெல் தமது 1856-ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தில், நமது ‘கு’ உருபையும் இந்தியின் ‘கோ’ உருபையும் சேர்த்து வைத்து ஆராய்ந்தார். நூறாண்டு கழித்து, 1956-இல், எமனோ என்னும் அமெரிக்க அறிஞர், இந்தியா முழுவதையும் ஒரே மொழியியற் பரப்பாகக் கொள்ளவேண்டும் என்று விரிவாக எழுதினார். அறிஞர் கண்ட இவ்வுண்மையை, தமிழ் மாணவனுக்குப் பயன்படும்படி பாடமாக்கித் தருவதுதான் அறிவுடைமை. ஆங்கில வழிப் பாடமோ, அவனுக்கு இயல்பானதை ‘விசித்திரமானது; தலைகீழானது’ என்று காட்டி, அவனிடம் உள்ளதையே அவனுக்கு அந்நியமாக்கிவிடுகிறது.

இன்னொரு விஷயம் இலக்கணத்தைவிட ஆழமானது. இந்தியில் முன்னிலைக்கு மூன்று சொற்கள் உண்டு: தூ, தும், ஆப். தெய்வத்தையும் குழந்தையையும் உயிர்த்தோழனையும் ‘தூ’ என்பர். தாழ்ந்தவன் என்று தாம் கருதியவனையும் ‘தூ’ என்பர். ‘தும்’ இடைநிலை. ‘ஆப்’ மரியாதை. நமக்கு ‘நீ, நீர், நீங்கள்’ என்பவை இருத்தலால் இவ்வேறுபாடு கணத்தில் விளங்கும். ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் ஒரே சொல். அவ்வொரு சொல்லைக் கொண்டு மூன்றையும் கற்பவன், எங்கே எதைச் சொல்வது என்று அறியாது தடுமாறுவான். தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இதன் வலி சொல்லித் தெரியவேண்டுவதில்லை. நரைத்த தலையுடைய முதியவரை இருபது வயதுக் கிராணி ‘நீ’ என்று அழைத்ததையும், அவர் அவனை ‘ஐயா’ என்று அழைத்ததையும் கேட்டு வளர்ந்த சமூகம் நம்முடையது. ஒரு மொழியின் முன்னிலைச் சொற்களுக்குள்ளே அந்நாட்டின் சாதியும் சொத்தும் ஒளிந்திருக்கின்றன. அதனைச் சொல்லிக்கொடுக்காத பாடம், சொற்களைக் கற்பிக்கிறதேயொழிய மக்களைக் கற்பிக்கவில்லை.

கெடாத் தமிழனுக்கு மற்றொரு செல்வமும் உண்டு. அதனையும் இப்பாடம் அறியாது. அது மலாய். தமிழ்நாட்டுத் தமிழனுக்கில்லாத இவ்வசதி நமக்கு மட்டுமே உரியது. மலாயில் உலகம் துனியா, இந்தியிலும் துனியா. இங்கே காலம் வக்து, அங்கே வக்த். இங்கே செய்தி காபார், அங்கே கபர். இங்கே நாற்காலி கெருசி, அங்கே குர்சீ. இங்கே சட்டமும் தீர்ப்பும் ஹுக்கும். அங்கே ஆணை ஹுக்ம். வாரிசு இரண்டிலும் வாரிஸ். சவர்க்காரம் இரண்டிலும் சாபுன். இவை அரபு, பாரசீக நாடுகளிலிருந்து இரு திசைக்கும் பரவிய சொற்கள். வடமொழியிலிருந்து பரவியவையும் உண்டு. மொழி இங்கே பஹாசா, அங்கே பாஷா. களவு இங்கே சூரி, அங்கே சோரீ. நோன்பு இங்கே புவாசா, அங்கே உபவாஸ். மலாயில் ‘காத்தா’ என்றால் சொல். இந்தியில் ‘கதா’ என்றால் கதை. நம் கதையும் அதுவே. ஏமாற்றும் சொற்களும் சில உண்டு. மலாய்க்காரன் ‘சாயா’ என்றால் ‘நான்’ என்று பொருள். இந்திக்காரன் ‘சாயா’ என்றால் நிழல்!

ஆகவே, தமிழ்ப்பள்ளியிற் பயின்று மலாயும் பேசும் ஒரு சிறுவன், இந்தியின் முதற்பாடத்தைத் திறக்குமுன்பே அதன் வாக்கிய அமைப்பில் பெரும்பகுதியைத் தமிழிலும், அன்றாடச் சொற்களில் ஒரு பகுதியை மலாயிலும் சம்பாதித்து வைத்திருக்கிறான். அவனை ஒன்றுமறியாதவனாகப் பாவித்து, ஆங்கிலத்தின் கையைப் பிடித்து நடத்திச் செல்வது எத்துணைப் பேதைமை! செல்வனைப் பிச்சையெடுக்கச் சொல்வதற்கு இது நிகராகும்.

இம்மண்ணின் வரலாற்றைப் புரட்டினால் இவ்வாயிற் பிரச்சினை புதிதன்று என்பது புலனாகும். பட்டினப்பாலை குறிக்கும் காழகமும், இராசேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரமும் இந்நிலப்பகுதியே என்பர் அறிஞர். மெர்போக் ஆற்றங்கரையைச் சார்ந்த பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்களை இன்றும் காணலாம். அதற்குத் தெற்கே செபராங் பிறையில், 1834-இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல், புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயரைத் தாங்கியது. அதன் மொழி வடமொழி; எழுத்தோ தென்னாட்டுப் பல்லவ எழுத்தின் வகையைச் சார்ந்தது. வடக்கின் மொழி இக்கரைக்கு வந்தபோது தெற்கின் எழுத்தை ஏணியாகக் கொண்டு வந்தது.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்து, வடக்கின் மொழி மீண்டும் இங்கே வந்தது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்துக்குத் தலைமை ஏற்றபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களும் பெண்களும் திரளாகச் சென்று சேர்ந்தனர். அப்படையின் பொதுமொழி இந்துஸ்தானி. அதனை எழுதியதோ உரோமன் எழுத்தில். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. ஆணைச் சொற்களை இந்துஸ்தானியிற் கேட்டன. ஆனால் போஸ் மேடையில் இந்துஸ்தானியில் முழங்கியபோது, தோட்டத் தமிழர் அவர் கருத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அறிந்தனர். போர் முடிந்தபின் 1946, 1947 ஆண்டுகளில், பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையிலெழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தோட்டந்தோறும் கிளம்பியது. தேசிய இராணுவத்தில் அணிவகுப்புப் பழகியவரும் அதில் இருந்தனர். கட்டுப்பாட்டை ஒருவேளை இந்துஸ்தானி தந்திருக்கலாம். குடிகாரன் மனைவியின் கண்ணீரைத் துடைத்த சொல் தமிழ்ச் சொல்லே. ஆணைக்குக் கற்ற மொழி அணிவகுப்போடு நின்றுவிடும் என்பதற்கும், உள்ளத்தைத் தொடும் மொழியே வாழ்வை மாற்றும் என்பதற்கும் நம் அண்டைத் தோட்டமே சாட்சி.

இன்று மூன்றாம் முறையாக வடக்கின் மொழி கைப்பேசியிலே வருகிறது. இம்முறையும் ஆங்கிலத்தின் தோளில் ஏறியே வருகிறது.

‘அப்படியானால் தமிழ் வழியில் இந்தி கற்பிக்கும் இணையப் பாடமே இல்லையா?’ என்று வாசகர் கேட்பர். உண்டு. அதன் பெயர் லீலா. இந்திய அரசின் அலுவல்மொழித் துறைக்காகப் புனேயிலுள்ள சி-டாக் என்னும் கணினி ஆராய்ச்சி நிறுவனம் அதனை உருவாக்கியது. ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றின் வாயிலாகவும் அதில் இந்தி கற்கலாம். பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்று மூன்று படிகள் கொண்டது. அதன் கைப்பேசி வடிவத்தை, 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், இந்தி நாளன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் இராம்நாத் கோவிந்த் வெளியிட்டார். நம் முதற்கேள்விக்கு இப்பாடம் தக்க விடை தருகிறது. வாயில் தமிழ், மனமாரப் பாராட்டுகிறோம்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டால்தான் முகம் வாடுகிறது. இது யாரை எங்கே கொண்டுபோய் விடுகிறது? இம்மூன்று படிகளும் இந்திய மத்திய அரசின் ஊழியர்க்காக வகுக்கப்பட்டவை. படியேறி முடித்தவன் சென்று சேருமிடம் ஓர் அலுவலகம். அங்கே கோப்பு உண்டு, குறிப்பு உண்டு, விடுப்பு விண்ணப்பம் உண்டு. அலுவல் இந்தியின் சொற்களும் பெரும்பாலும் வடமொழியிலிருந்து வார்த்தெடுத்தவை. புதுச்சொற்களுக்கு முதன்மையாக வடமொழியையே நாடவேண்டும் என்று இந்திய அரசியல் சட்டத்தின் 351-ஆம் பிரிவே கூறுகிறது. துனியா, வக்த், கபர் என்று சந்தைத் தெருவிற் பேசும் உழைப்பாளியின் இந்தி வேறு. அலுவலக மேசையில் அச்சான இந்தி வேறு. தில்லியில் எழுத்தராகப் போகிறவனுக்கு இப்பாடம் உதவலாம். சுங்கை பட்டாணித் தொழிற்சாலையில் தன் பக்கத்தில் நின்று உழைப்பவனிடம், ‘உன் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார்களா? உன் கடவுச்சீட்டு உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்க விரும்புகிறவன், வேறு ஆசிரியரைத்தான் தேடவேண்டும்.

ஆக, ஒன்றுக்கு வாயில் கோணல். மற்றொன்றுக்குச் சேருமிடம் கோணல். இதுவே நம் மதிப்பீடு.

தமிழை வாயிலாகக் கொள்ளவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதால், தமிழே எல்லாவற்றையும் கொடுத்துவிடும் என்று எவரும் மயங்கவேண்டா. நம் மொழி துணைக்கு வராத இடங்களும் உண்டு. அவற்றுள் முதலாவது எழுத்து. ‘கானா’ என்று தமிழில் எழுதினால், இந்திக்காரன் மூன்று பொருள் கொள்வான். வல்லோசைக் ககரத்தால் தொடங்கினால் ஒற்றைக் கண்ணன். மூச்சோடு கூடிய ககரத்தால் தொடங்கினால் உணவு. மெல்லோசையால் தொடங்கினால் பாட்டு. உணவு கேட்கப் போனவன் ஒற்றைக் கண்ணனை அழைத்ததாக முடியும்! ஆகவே, முப்பது நாளில் இந்தி என்று தமிழ் எழுத்திலேயே அச்சிட்டு வரும் மலிவு நூல்களை நம்பியிருப்பது வீண். நாகரி எழுத்தைப் பிடிவாதமாகக் கற்றே தீரவேண்டும். காதால் கேட்டுக் கற்கும் வசதி கைப்பேசிப் பாடத்துக்கு இருப்பதால், இவ்விடத்தில் அது புத்தகத்தை வென்றுவிடுகிறது என்பதையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது, பால். நமக்கு அறிவுடையது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. இந்தியிலோ உயிரற்ற பொருளுக்கும் ஆண் பெண் உண்டு. வீடு ஆண், புத்தகம் பெண். கதவு ஆண், நாற்காலி பெண். காரணம் கேட்டுப் பயனில்லை, வழக்கே காரணம். மூன்றாவது, இறந்தகாலத்தில் வரும் ‘நே’ என்னும் உருபு. ‘ராம் நே ரோட்டீ காயீ’ என்றால் இராமன் ரொட்டி தின்றான் என்பதே பொருள். ஆனால் ரொட்டி பெண்பாலாதலின், வினையும் அதனோடு சேர்ந்து பெண்பாலாகிவிடும். தமிழன் காதில் ‘இராமன் ரொட்டி தின்றாள்’ என்று விழுந்து நகைப்பூட்டும். இத்தகைய இடங்களில் மாணவன் தடுமாறுவான் என்று முன்கூட்டியே அறிந்து, அங்கே விளக்கேற்றி வைப்பவனே நல்லாசிரியன். தமிழை அறியாதவர் வகுத்த பாடம் அவ்விடத்தை அறியாது. அறிந்த பாடமோ அலுவலகத்துக்கு அவசரப்படுகிறது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். ஒரு மொழிப் பாடத்தை அளந்தறிய நாம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறோம். அது பிரேம்சந்த் 1932-இல் எழுதிய ‘தாக்கூரின் கிணறு’ என்னும் சிறுகதை. சில பக்கங்களே கொண்டது. நடை மிக எளிது. நோயுற்ற கணவன் ஜோகூ தாகத்தால் தவிக்கிறான். ஒதுக்கப்பட்டோர்க்குரிய கிணற்று நீரோ நாறுகிறது. மனைவி கங்கீ, மேல்சாதித் தாக்கூரின் கிணற்றுக்கு இரவில் அஞ்சி அஞ்சிச் செல்கிறாள். குடம் மேலே வரும் வேளையில் தாக்கூரின் கதவு திறக்கிறது. கயிறு கைநழுவுகிறது, அவள் ஓட்டமெடுக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், கணவன் அந்த நாற்றத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறான். கதை அவ்வளவே.

பானீ என்றால் தண்ணீர் என்பதைக் கைப்பேசிப் பாடம் தொடக்கத்திலேயே கற்பித்துவிடும். அந்தப் பானீயை யார் குடிக்கலாம், யார் குடிக்கலாகாது என்று ஒரு சமூகம் வகுத்து வைத்ததைப் பிரேம்சந்த் கற்பிக்கிறார். முதலாவதைக் கற்று இரண்டாவதைக் கல்லாதவன் இந்தி கற்றவனாகான். இக்கதையை அகராதியின் துணையோடேனும் படித்து, அதன் கடைசி வரியில் நெஞ்சு கனக்க நிற்கக்கூடிய நிலைக்கு மாணவனைக் கொண்டுவருமாயின், அப்பாடத்தை நல்ல பாடம் என்போம். அதன் பின்னர் 1936-இல் வந்த ‘கோதான்’ நாவல் இருக்கிறது. ஓம்பிரகாஷ் வால்மீகி தாம் தீண்டப்படாதவராகப் பிறந்து பட்ட பாட்டை எழுதி 1997-இல் வெளியிட்ட ‘ஜூட்டன்’ இருக்கிறது. சாதிச் செருக்கையும் சடங்குப் பொய்யையும் எள்ளி நகைத்த காசி நெசவாளர் கபீர் இருக்கிறார். நம் நாட்டுச் சித்தர்களைப் படித்துப் பழகிய செவிக்குக் கபீர் அந்நியராகத் தோன்றமாட்டார். வடநாட்டிலும் நம் உடன்பிறப்புக்கள் இருக்கிறார்கள். அவர்களும் நாம் அழுத அழுகையையே அழுதிருக்கிறார்கள். இவ்வுண்மையை நேரிற் கண்டறிவதற்காக இந்தி கற்பது இழிவன்று, பெருமையே.

அப்படியானால் நாம் செய்யவேண்டுவது யாது? பிட்ஸ்பர்க் நகரத்தார் நமக்காகப் பாடம் எழுதுவார்கள் என்று காத்திருப்பது வீண். தில்லி அலுவலகத்தார் தோட்டத்தானை நினைப்பார்கள் என்று எதிர்பார்ப்பதும் வீண். இந்தி நன்கு அறிந்த தமிழர் இந்நாட்டில் இருக்கின்றனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இருக்கின்றனர். ஒலியைப் பதிவு செய்து உலகெங்கும் அனுப்பும் கருவி ஒவ்வோர் இளைஞன் கையிலும் இருக்கிறது. ஐம்பது சிறு பாடங்கள் போதும். முதற்பாடம் ‘எனக்குத் தெரியும்’ என்பதிலிருந்து தொடங்கட்டும். பத்தாம் பாடம் மலாயும் இந்தியும் பகிர்ந்துகொண்ட சொற்களைப் பட்டியலிடட்டும். இருபதாம் பாடம் சம்பளம், விடுப்பு, மருத்துவமனை, கடவுச்சீட்டு ஆகியவற்றைப் பேசட்டும். முப்பதாம் பாடம் தூ, தும், ஆப் என்னும் மூன்றின் பின்னேயுள்ள சமூகத்தை உரைக்கட்டும். ஐம்பதாம் பாடத்தில் கங்கீ கிணற்றடியில் நிற்கட்டும். அதுவரையில், கையிலுள்ள இரண்டு பாடங்களையும் அவற்றின் குறையறிந்து பயன்படுத்துக. ஒன்றிடம் காதைக் கொடுத்து ஒலியைப் பெறுக. மற்றொன்றிடம் தமிழ் விளக்கத்தைப் பெறுக. பேச்சை மட்டும் பக்கத்திலுள்ள மனிதனிடமே பெறுக.

முடிவாக ஒன்று. நாம் மேலே கூறிய பாலம் முழுவதும் தமிழ் என்னும் தூணின்மேல் நிற்பது. வேற்றுமை உருபு இன்னதென்று அறியாத பிள்ளைக்கு, ‘கு’வும் ‘கோ’வும் ஒன்றுக்கொன்று துணை என்று எப்படி விளக்குவது? வினையெச்சம் அறியாதவனுக்குக் ‘கர்கே’ என்பதை எதனோடு ஒப்பிட்டுக் காட்டுவது? இந்நாட்டில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குச் சிதறிய பின்னர், அவற்றுட் பல மாணவரின்றி மெலிந்து வருகின்றன. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், அதே பிள்ளை கைப்பேசியில் நாலு மொழி கற்பதைக் கண்டு பூரிக்கின்றனர். அப்பெற்றோரை நாம் கடிந்துகொள்ளவில்லை. கணக்குப் பார்க்கச் சொல்கிறோம். தாய்மொழியை நன்கு கற்றவனுக்கு அடுத்த மொழி பாதி விலைக்குக் கிடைக்கும். அதனைக் கைவிட்டவன் ஒவ்வொரு மொழியையும் முழுவிலை கொடுத்து, அதுவும் ஆங்கிலக்காரன் கடையில்தான் வாங்கவேண்டும்.

தமிழ் கற்ற பிள்ளை இந்தியும் கற்கட்டும்; மலாயும் சீனமும் கற்கட்டும். வாயில் தன்னுடையதாக இருக்கட்டும். போகுமிடமும் தான் தேர்ந்ததாக இருக்கட்டும்.